நாலு மணிச் சத்தம்

சிக்ருன் ஸ்டைன்விக் என்ற ஊருக்கு மருமகளாக வந்த முதல் குளிர்காலத்தில், அவள் புருஷன் ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை வீடு திரும்பினான்.

முதல் தடவை அவள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாசற்படிக் கல்லில் பூட்ஸை இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. அடுத்து இரும்புப் பட்டையில் அடிப்பாகத்தைச் சுரண்டுவது, கதவுத்தாழ் விழுவது, நடைக்கூடத்து மரப்பெஞ்சின் மேல் கருவிப்பை ணங்கென்று இறங்குவது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் காபியை ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். நடைக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. பெஞ்சும் காலி. கதவைத் திறந்து பார்த்தால், அப்போதுதான் விழுந்து முடிந்திருந்த பனியில் ஒரு காலடி கூடப் பதிந்திருக்கவில்லை.

காபி ஆறிக்கொண்டிருக்க அவள் அப்படியே நின்றாள். மாமியார் தோரா உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அவன் கெளம்பிட்டான்னு அர்த்தம். உருளைக்கிழங்கை அடுப்புல வை. அது வேகவும் அவன் வந்து நிக்கவும் சரியா இருக்கும்."

இருபது நிமிடம் கழித்து ஹல்வார்ட் வந்தான். அதே இரண்டு தட்டு, ஒரு சுரண்டல், தாழ், ணங். உருளைக்கிழங்கு பதமாக வெந்திருந்தது.

அந்த வடதேசத்துக்காரர்கள் அதை வார்டேகர் என்பார்கள். ஆள் வந்து சேருமுன் வந்துவிடும் ஆளின் சத்தம். சிக்ருன் பிறந்த மேற்குக் கடற்கரையிலும் அதைப் பற்றிச் சொல்வார்கள், ஆனால் கதையாகச் சொல்வார்கள். ஸ்டைன்விக்கில் அதைக் கடிகாரம் போலப் புழங்கினார்கள். பயமாக இல்லையா என்று அவள் கேட்டதற்கு, வராமல் போகிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும், வருகிறவனுக்கு ஏன் என்றாள் தோரா. ஒன்று மட்டும் சொன்னாள்: அவரவர் சத்தம் அவரவருக்குக் கேட்காது. "நீ வர்றது எனக்குக் கேக்கும். உனக்குக் கேக்காது. அது கேக்கவும் கூடாது."

அவர்கள் வீடு விடுதி. படகுத்துறைக்கு நேர் மேலே, மஞ்சள் வண்ணம் அடித்த மரவீடு. மாடியில் ஐந்து அறைகள். கோடையில் தலைநகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து ஏரியில் நீந்துவார்கள், மீன் பிடிப்பார்கள், பகல் முடியாமல் நீள்வதைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் மரவியாபாரிகள், பள்ளி ஆய்வாளர், எப்போதாவது ஒரு பல் வைத்தியர். ஹல்வார்ட் ஏரிப் படகில் இயந்திரம் பார்ப்பவன். ஏரி உறைந்ததும், கரையோரமாக இருபது நிமிட நடையில் இருந்த படகுக் கொட்டகையில் ஊரார் இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். எந்தக் காலமானாலும் நாலு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்தாக வேண்டும் அவனுக்கு. அதனால் மூன்று நாற்பதுக்கு அவன் சத்தம் வரும், நாலுக்கு அவன் வருவான்.

தோரா ஆறாவது வருஷம் காலமானாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவர்கள் இருவரும், வந்து போகும் விருந்தாளிகளுமாக வருஷங்கள் ஓடின. நாள் ஆக ஆக சிக்ருனின் காது கூர்மையாயிற்று. முன்பின் பார்த்திராத விருந்தாளிகளின் சத்தம் கூட அவளுக்கு முன்னாலேயே எட்டியது. இருமல் கேட்டால் அடுப்புள்ள அறையைத் தயார் செய்வாள். குழந்தையின் தடதடப்பு கேட்டால் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பாள். எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த டாக்னி, அவளுடைய ஒரே சிநேகிதி, இதை வைத்தே அவளைச் சீண்டுவாள். "உன் காத ஒரு நாளைக்கு எனக்குக் குடு சிக்ருன். என்னுடையவன் எங்கெங்க போயிட்டு வர்றான்னு பாத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்." அதற்கு சிக்ருன், உன்னுடையவன் எங்கே போனாலும் முன்னால் வருவது வாடைதான், அதற்குக் காது எதற்கு என்பாள். டாக்னியின் புருஷன் தோல் பதனிடுகிறவன்.

இப்படி இருபத்தைந்து வருஷம்.

ஒரு அக்டோபர் மாதம், வியாழக்கிழமை. படகு நிற்க இன்னும் பத்து நாள் இருந்தது. மூன்று நாற்பதுக்கு வழக்கம்போலச் சத்தம் வந்தது. சிக்ருன் உருளைக்கிழங்கை வைத்தாள். நாலு அடித்தது. நாலேகால். கிழங்கு வெடித்து, குழைந்து, தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை வந்த பிறகும் அவள் பாத்திரத்தை இறக்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலரைக்குக் கொட்டகைப் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டே படியேறினார்கள். அன்றைய படகு வேலை முடித்து, கொட்டகைக் கதவைப் பூட்டித் திரும்பிய இடத்திலேயே ஹல்வார்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். உடம்பு கிளம்பும் முன்னே மனசு கிளம்பி வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் பூட்ஸைக் கழற்றி, துடைத்து, நடைக்கூடத்துப் பெஞ்சுக்கடியில் அதன் இடத்திலேயே வைத்தாள் சிக்ருன்.

மறுநாள் மூன்று நாற்பதுக்கு மறுபடியும் சத்தம் வந்தது.

இரண்டு தட்டு, சுரண்டல், தாழ், ணங். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். டாக்னி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் காதிலும் அது விழவில்லை. சிக்ருன் மட்டும் எழுந்து நடைக்கூடத்துக்குப் போனாள். யாருமில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிடம் காத்திருந்தாள்.

அதன் பிறகு அந்தச் சத்தம் ஒரு நாள் தப்பவில்லை. அடக்கம் நடந்த நாளிலும் வந்தது. முதல் பனி விழுந்த நாளிலும், ஏரி கறுத்து, பிறகு வெளுத்து உறைந்த நாளிலும் வந்தது. அது வந்துவிட்டுப் போகிற பேய் மாதிரி இருந்தால் கூட அவள் பழகியிருப்பாள். அப்படி இல்லை. அந்தச் சத்தத்துக்கு அந்த ஊரில் ஒரே ஒரு பொருள்தான்: ஆள் வழியில் இருக்கிறான், இருபது நிமிடத்தில் வந்துவிடுவான். தினம் அந்த இருபது நிமிடத்துக்கு ஹல்வார்ட் சாகாதவனாக இருந்தான். நாலு அடித்ததும் மறுபடி செத்துப்போனான். கிறிஸ்துமஸுக்குள் அவள் பாதி ஆளாகிவிட்டாள். உடம்பு ஏன் இப்படி இளைக்கிறது என்று டாக்னி கேட்டபோது பல்வலி என்றாள். நாலு மணிக்கு முன்னால் வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டாள்.

மார்ச் மாதத்தில் ஐலிஃப் வந்தார்.

ஆர்கனுக்குச் சுருதி சேர்ப்பவர். அறுபதை எட்டிய ஒல்லி மனிதர். கருவிப்பையைச் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கியிருந்தது. எதிர்க்கரைத் தேவாலயத்து ஆர்கனை வழக்கமாகப் பார்த்தவர் இறந்துவிட்டதால் பாதிரியார் இவரை வரவழைத்திருந்தார். மூன்று நாள் வேலை. தேவாலயத்துக்கு உறைந்த ஏரியின் மேல் நடந்தால் இருபத்தைந்து நிமிடம். வழி தெரிய இருபது அடிக்கு ஒன்றாக ஊசியிலைக் கிளைகளை நட்டிருப்பார்கள். கிளைகளுக்கு இடப்பக்கம் போகக்கூடாது, அங்கே ஆறு வந்து விழுகிறது, அடியிலிருந்து பனிக்கட்டியை அரிக்கும் என்று சிக்ருன் அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

முதல் நாள் வேலை முடித்து அவர் மூன்று மணிக்கே திரும்பிவிட்டார். வேறு விருந்தாளி இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிக்ருன் மீனைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது சத்தம் வந்தது. அவள் கை நின்றது. ஐலிஃப் வாயைத் துடைத்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"வீட்டுக்காரர் வந்துட்டார் போல. இது அவர் இடமா? நான் தள்ளி உக்காந்துக்கறேன்."

கரண்டி தட்டில் விழுந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு விருந்தாளியின் எதிரே, கேளாமல் கொள்ளாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

ஐந்து மாதமாக ஒருவரிடமும் சொல்லாததை எல்லாம் முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. தன் காதுக்குக் கேட்டால் அது நிஜச் சத்தம்தான் என்று மட்டும் சொன்னார். நாற்பது வருஷமாக அவர் சோறு தின்பது அந்தக் காதை நம்பித்தான். நாளைக்கும் தான் கேட்கலாமா என்று அனுமதி கேட்டார். சிக்ருன் சரியென்றாள். அன்று மாடிப்படி ஏறும்போது கால் லேசாக இருந்தது அவளுக்கு. பைத்தியம் இல்லை என்று தெரிந்ததே போதும். அதைவிட, ஹல்வார்ட் வருவதற்கு இப்போது ஒரு சாட்சி இருந்தது.

இரண்டாம் நாள் ஐலிஃப் நடைக்கூடத்தில் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடி, உள்ளங்கையைச் சுவரின் பலகையில் பதித்திருந்தார். சத்தம் வந்தது, பூட்ஸ் தட்டியது, தாழ் விழுந்தது, இரண்டு மூன்று அடிகள் பலகைத் தரையில் நடந்தன, பெஞ்சில் பை இறங்கியது. கண்ணெதிரே கதவு அசையவே இல்லை. அது ஓய்ந்த பிறகும் அவர் வெகுநேரம் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் கடைசியில். "இது உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு நெனைக்கிறேன்."

"இருபத்தஞ்சு வருஷம் கேட்ட நடை. எனக்குத் தெரியாதா?"

"பூட்ஸ் அவரோடதுதான். அதுல சந்தேகமில்ல. கால்தான் வேற. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ரெண்டு தடவ விழுது, கவனிச்சீங்களா? மொதல்ல பூட்ஸ் விழுது, அப்புறம் உள்ள இருக்கிற கால் விழுது. பெரிய பூட்ஸுக்குள்ள சின்னக் கால். ஆளும் கனமில்ல. பலகை முனகவே இல்ல."

சிக்ருன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்.

"அவர் போனது அக்டோபர்ல, இல்லையா. அப்ப பனி விழுந்திருந்துச்சா?"

"இல்ல. நவம்பர்லதான் விழுந்துது."

"மறுநாளே இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னீங்க. தரையில பனியே இல்லாதப்ப பூட்ஸ்லேர்ந்து எதத் தட்டினாங்க?"

அவள் அந்த அக்டோபரை நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். மழைச் சேற்றுக்கு ஹல்வார்ட் சுரண்டுவானே தவிரத் தட்டமாட்டான். அக்டோபரிலேயே அந்தப் பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இறந்தவன் திரும்பி வரவில்லை. யாரோ ஒரு குளிர்காலத்திலிருந்து, இன்னும் வராத ஒரு நாளிலிருந்து, வந்துகொண்டே இருக்கிறார்கள்.

"அப்ப யாருன்னு சொல்றீங்க?"

ஐலிஃபின் பார்வை தாழ்ந்து, கம்பளிச் செருப்புக்குள் இருந்த அவளுடைய சிறிய பாதங்களின் மேல் நின்றது. அவளும் குனிந்து பார்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, நாளைக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டாள், கடைக்காரி மாதிரி. மேசையில் அவருடைய தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். எங்கிருந்தோ பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தன், ஒரு நிமிடத்தில் அவள் புருஷனை இரண்டாம் முறை கொன்றுவிட்டான் என்றுதான் இருந்தது அவளுக்கு. தினமும் கிடைத்த அந்த இருபது நிமிடம் சித்திரவதையாக இருந்தாலும் அது அவளுடையது. கோபம் அடங்கியதும் தோரா சொன்னது நினைவுக்கு வந்தது: அவரவர் சத்தம் அவரவருக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது. படுக்கப்போகுமுன் நடைக்கூடத்துக்குப் போய்ப் பெஞ்சுக்கடியில் பார்த்தாள். ஹல்வார்டின் பூட்ஸ் தூசி படிந்து, முனை வாசலைப் பார்த்தபடி இருந்தது. பரணில் தூக்கிப் போட்டுவிட நினைத்தாள். கையில் எடுக்க மனம் வரவில்லை. காலால் தள்ளி அதன் முனையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

மூன்றாம் நாள் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. ஐலிஃப் காலையில் ஒரு வார்த்தை பேசாமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டுக் கிளம்பினார். அன்றைய நாலரை மணிப் பேருந்தில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. சிக்ருனும் பேசவில்லை. பனிக்கட்டி இளகும் நாள், கவனமாகப் போங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு ஏரியிலிருந்து மூடுபனி எழுந்தது. இளஞ்சூட்டுக் காற்று பனிக்கட்டி மேல் பட்டால் அப்படித்தான் எழும். ஜன்னலுக்கு வெளியே முதலில் எதிர்க்கரை போயிற்று, பிறகு நட்ட கிளைகள் ஒவ்வொன்றாக, பிறகு படகுத்துறை. வெயில் எங்கோ மேலே இருந்ததால் எல்லாம் பால் போல வெளிச்சமாக இருந்தது; ஆனால் கையை நீட்டினால் விரல் தெரியாது.

ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எதிர்க்கரைத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. ஆர்கன்காரர் கிளம்பி முக்கால் மணி ஆகிறது, வந்துவிட்டாரா என்று கேட்டார். இருக்கச் சொன்னேன், பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டார் என்றார்.

சிக்ருன் குழலைக் கையில் பிடித்தபடி நின்றாள். முக்கால் மணி. வருகிற ஆளாக இருந்தால் இதற்குள் அவர் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். வீடு ஊமையாக இருந்தது. வராமல் போகிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும். ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் ஏழு கிலோமீட்டர் தள்ளி மரமில்லில். அவள் டாக்னியின் கடைக்குப் பேசி, மில்லுக்குப் போன் போட்டு ஆளனுப்பச் சொல்லிவிட்டு, குழலை வைத்தாள்.

அப்போது வாசலில் பூட்ஸ் தட்டியது.

மூன்று நாற்பதுக்கு வர வேண்டியது, ஒன்றே காலுக்கு வந்தது. இரண்டு தட்டு, சுரண்டல், தாழ். குதிகால் இரட்டையாக விழும் அந்த நடை. ணங். அவள் நடைக்கூடத்தில்தான் நின்றாள். சத்தம் அவளைத் தொட்டுக்கொண்டு கடந்தது. ஆனால் அன்றைக்கு அது தனியாக வரவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால், ஈரம் சளக் சளக்கென்று, இழுத்து இழுத்து நடந்து வந்தது.

கதவு மூடியே இருந்தது. பெஞ்சுக்கடியில் பூட்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிக்ருனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருவராகத் திரும்பி வர வழி இருக்கிறது. அதற்கு அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒருத்தி போக வேண்டும். போனால், ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்தது தான்தான் என்றாகிவிடும். ஹல்வார்ட் ஒரு நாளும் வரவில்லை என்றாகிவிடும். அவளுடைய சொந்தப் பூட்ஸ் பின்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மாட்ட ஒரு நிமிடம் போதும். அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தது நிஜம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தூசியைத் துடைக்காமல், ஹல்வார்டின் பூட்ஸுக்குள் காலை விட்டாள். உள்ளே கால் வழுக்கியது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இரும்பு முனை பூட்டிய நீளக் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மூடுபனிக்குள் சொந்த மூச்சே யாரோ பக்கத்தில் வருவதுபோல் கேட்டது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கழியால் குத்திக் குத்தித் தடவிக்கொண்டு போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் நாலடிக்கு மேல் போகவில்லை. பாதி ஏரியில், மேலே தேங்கிய நீரில் அழிந்தும் அழியாமலும் காலடிகள் தெரிந்தன. அவை கிளைகளை விட்டு விலகி இடப்பக்கம் போயின. கழி இப்போது குத்தும் இடமெல்லாம் மந்தமாக ஒலித்தது. அவள் குப்புறப் படுத்துத் தவழ்ந்தாள்.

ஐலிஃப் முப்பதடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டியபடி, பிடித்து வைத்ததுபோல, அசையாமல். கணுக்கால் வரை தண்ணீர். அவருக்கு முன்னால் பனிக்கட்டி கறுப்பாக இருந்தது.

"அப்படியே நில்லுங்க," என்றாள் சிக்ருன். "ஒரு அடி கூட வைக்காதீங்க."

"நிக்கத்தானே செய்யறேன்." குரல் நடுங்கினாலும் தெளிவாக இருந்தது. "நீங்கதானே வந்து நிக்க வெச்சிட்டுப் போனீங்க."

"நான் இப்பத்தான் வர்றேன்."

பையை முதலில் சறுக்கிவிடச் சொன்னாள், கயிற்றை வீசினாள், அவரை வயிற்றின் மேல் படுத்து ஊர்ந்து வரச் சொன்னாள். அவர் கால் விட்டுக் கிளம்பியதும் அவர் நின்ற இடம் துணி கிழிவது போன்ற சத்தத்தோடு விரிந்தது. கீழே ஆற்று நீர் ஓடுவது தெரிந்தது.

திரும்பும்போது பையை அவள் தூக்கிக்கொண்டாள். அவருக்கு விரல் மரத்துப்போயிருந்தது. வழியில் அவர் சொன்னார். மூடுபனியில் கிளை தப்பியதும் அவர் குத்துமதிப்பாக நடந்திருக்கிறார். எதிரே பூட்ஸ் சத்தம் நேராக அவரை நோக்கி வந்ததாம், குதிகால் இரட்டையாக விழும் அதே நடை. ஒரு கழி தூரத்தில் நின்று, பனிக்கட்டியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்றாம். அதைக் கேட்டு நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தார். அடுத்த அடியை வைத்திருந்தால் அவர் இல்லை.

வீட்டுப் படிக்கு வந்ததும் சிக்ருன் தயங்கினாள். பூட்ஸில் பனி அப்பியிருந்தது. தட்டாமல் அப்படியே உள்ளே போய்விடலாம். அல்லது மூன்று தடவை தட்டலாம். அந்தச் சத்தத்தை இப்போது அவள் செய்யாவிட்டால், நாளைக்கும் நாலு மணிக்கு முன்னால் யாரோ வருவார்கள், அவள் காத்திருக்கலாம். பின்னால் ஐலிஃபின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அவள் காலைத் தூக்கினாள். கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள். பட்டையில் சுரண்டினாள். தாழைத் திறந்தாள், பலகையில் நடந்தாள், பையைப் பெஞ்சில் இறக்கினாள். உள்ளே இருந்த சுருதி இரும்புகள் ணங்கென்றன.

கடையைச் சாத்திவிட்டு வந்து சமையலறையில் டாக்னி உட்கார்ந்திருந்தாள்; முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"கொஞ்ச நேரம் முன்னாடியே ரெண்டு பேரும் வந்தீங்க," என்றாள். "எந்திரிச்சு வந்து பாத்தா யாருமில்ல. இத்தன வருஷம் உன்னக் கேலி பண்ணினேன் சிக்ருன். இனிமே பண்ண மாட்டேன்."

வந்து சேர்ந்த மில் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐலிஃபைப் போர்வையில் சுற்றி அடுப்போரம் உட்கார வைத்தார்கள். பேருந்து அவர் இல்லாமல் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று நாற்பது ஆயிற்று. சிக்ருன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஐலிஃப் பார்த்தார். கூரை சொட்டுவதும் விறகு வெடிப்பதும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நாலு அடித்தது. நாலேகாலுக்கு சிக்ருன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடக்கத்தன்று அழாத அழுகை. டாக்னி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. சிக்ருன் இன்னும் இருபத்திரண்டு வருஷம் அந்த விடுதியை நடத்தினாள். உடம்பு தேறி, பழையபடி கன்னத்தில் சதை வைத்தது. விருந்தாளிகளின் சத்தம் முன்போலவே முன்னால் வந்தது; முன்போலவே அறைகளைத் தயார் செய்தாள். ஐலிஃப் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தார், ஏரியைச் சுற்றிப் போகும் சாலை வழியாக. ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பி, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அடங்கிப்போயிற்று. இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதிகம் பேசாமல். தன் சத்தத்தைத் தானே கேட்டதற்கு ஏதாவது விலை இருக்கும் என்று சிக்ருன் கொஞ்ச காலம் காத்திருந்தாள். அப்படி எதுவும் கேட்டு வரவில்லை. ஆனால் தனியாக வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம், படியில் கால் வைக்குமுன் ஒரு கணம் நின்று, உள்ளே ஆளரவம் இருக்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

ஹல்வார்டுக்குக் கல்லறைக் கல், ஐலிஃப் முதன்முதலாக வந்த அந்த வருஷம் மே மாதம்தான் வைத்தாள். அதுவரை பாதிரியார் கேட்டபோதெல்லாம் தள்ளிப்போட்டு வந்திருந்தாள். ஏரி திறந்து படகு ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் டாக்னியைக் கூட்டிக்கொண்டு கல்தச்சர் பட்டறைக்குப் போனாள். சாம்பல் நிறக் கல் ஒன்றைக் காட்டி, பெயரும் வருஷமும் போதும், வேறு வாசகம் வேண்டாம் என்றாள். கல்தச்சர் பென்சிலால் அளவு போட்டுக்கொண்டே, கீழே உங்கள் பெயருக்கு எவ்வளவு இடம் விடட்டும் என்று கேட்டார்.

சிக்ருன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்னிதான் பதில் சொன்னாள்.

"தாராளமா விடுங்க. இவ எப்பவும் ரெண்டு தடவ வர்ற ஆளு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்ததுபோல அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிக்ருன் சிரித்துவிட்டாள். கல்தச்சர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.